நடக்காத காரியத்துக்கு நன்றி

பாலைமுறிப்புக்குளத்துத் தில்லைநாதனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. நடக்காத காரியத்துக்கு நன்றி சொல்லுவார். அதுவும் வாயால் அல்ல, அச்சில். யாழ்ப்பாணத்துப் பத்திரிகையின் மூன்றாம் பக்கத்தில், ‘பாலைமுறிப்பு நிருபர்’ என்ற பெயரில் வந்த நன்றிகளுக்கெல்லாம் சொந்தக்காரர் அவர்தான்.

தொழில் கமம். ஐம்பத்துமூன்றில் வடமராட்சியிலிருந்து குடியேற்றத் திட்டத்தில் வந்து, குளத்துக்குக் கீழே மூன்று ஏக்கர் வயலும் தெருவோரம் இரண்டு ஏக்கர் மேட்டுக்காணியும் எடுத்தவர். பத்திரிகைக்காரர் அவருக்குச் சம்பளம் கொடுத்ததில்லை. முத்திரை குத்திய ஒரு கடிதம் மட்டும் கொடுத்திருந்தார்கள். அதுவே அவருக்குப் போதும். வரம்பு கட்டப் போகும்போதும் காதில் பேனை செருகிக்கொண்டு போகிற கமக்காரன் வன்னியில் அவர் ஒருவர்தான். குளம் நிரம்பி வான் பாய்ந்தால் எழுதுவார், யானை வயலுக்குள் இறங்கினால் எழுதுவார், பள்ளிக்கூடத்துப் பரிசளிப்பில் தேத்தண்ணி ஆறிப்போயிருந்தால் அதையும் எழுதுவார். ஊரார் அவரைத் தில்லையர் என்று மரியாதையாகக் கூப்பிட்டதற்குப் பாதிக் காரணம் பயம்.

இந்த நன்றிப் பழக்கம் வந்த கதை அவ்வளவு சிரிப்பானதல்ல. ஐம்பத்தேழு மார்கழி வெள்ளத்தில் ஊருக்கும் மாங்குளம் தெருவுக்கும் நடுவிலிருந்த மதகு அள்ளுப்பட்டுப் போனது. அடுத்த தையில் அவருடைய மனைவி நேசமலருக்கு நோவு கண்டது. தலைப்பிள்ளை. ஊரில் மருத்துவிச்சி இல்லை, ஆஸ்பத்திரி ஒன்பது கட்டை தூரம். வண்டிலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். உடைந்த மதகடியில் வண்டில் இறங்க மாட்டேன் என்று நின்றது. பிள்ளை அங்கேயே பிறந்து அங்கேயே போய்விட்டது. ஆண்பிள்ளை.

தில்லையர் மறுகிழமையே செய்தி எழுதினார். ‘பாலைமுறிப்பு மதகு: அக்கிராசனர் கவனிப்பாரா?’ என்பது தலைப்பு. அக்கிராசனர் என்றால் கிராமச்சங்கத்துத் தலைவர் இளையதம்பி. அவர் கவனிக்கத்தான் செய்தார். கண்ணாடி போட்டு இரண்டு தரம் வாசித்து, நாலாய் மடித்து, சங்கக் கந்தோரில் ஆடிக்கொண்டிருந்த தன் கதிரையின் காலுக்குக் கீழே வைத்தார். இரண்டாம் தரம், மூன்றாம் தரம் எழுதியவையும் அங்கேதான் போயின. கதிரை ஆட்டம் நின்றது, மதகு அப்படியே கிடந்தது.

நாலாம் தரம் தில்லையர் கொஞ்சம் இறங்கிப் போனார். ‘மதகைத் திருத்தித் தந்தால் அக்கிராசனருக்கு ஊர் மக்கள் என்றும் நன்றியுடையவர்களாய் இருப்பார்கள்’ என்று எழுதி அனுப்பினார். அச்சுக்கோத்த மகராசன் யாரோ தெரியாது. அவனுடைய அவசரத்தில் ‘தந்தால்’ என்பதிலிருந்த அரவும், அதுதான் துணைக்கால், லகரமும் விழுந்துபோயின. ‘மதகைத் திருத்தித் தந்த அக்கிராசனருக்கு’ என்று பத்திரிகை வந்தது.

அன்றைக்கு இளையதம்பி யாழ்ப்பாணம் போக மாங்குளம் ஸ்டேஷனில் நின்றார். சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த முத்தலிப் ஓடிவந்து, “ஐயா செஞ்சது பெரிய புண்ணியம்” என்று சீனி கூடப் போட்டு ஒரு தேத்தண்ணி கொடுத்தார். ஸ்டேஷன் மாஸ்டர் கை குலுக்கினார். கோச்சியால் இறங்கிய டி.ஆர்.ஓ. துரை, பிரிவுக்கே பெரிய அதிகாரி, பத்திரிகையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “மெத்தச் சந்தோசம், இளையதம்பி. வியாழக்கிழமை அந்தப் பக்கம் வாறன். உங்கட மதகைப் பாப்பம்” என்றார்.

இளையதம்பி கோச்சி ஏறவில்லை. குடையையும் பத்திரிகையையும் கொண்டு நேரே தில்லையர் வீட்டுக்கு வந்தார்.

“தம்பி, நான் எப்பயடா மதகு கட்டினனான்?”

தில்லையர் பத்திரிகையை வாங்கிப் பார்த்தார். பார்த்ததும் உள்ளுக்குள் ஏதோ துள்ளியது. முகத்தை மட்டும் செத்தவீட்டுக்குப் போகிறவர்போல வைத்துக்கொண்டார்.

“பிழைதான், ஐயா. இண்டைக்கே மறுப்பு எழுதி அனுப்பிவிடுறன். ‘அக்கிராசனர் மதகைக் கட்டவில்லை’ எண்டு தலைப்புப் போடட்டோ?”

இளையதம்பி குடையை விரித்தார், மடக்கினார்.

“வியாழக்கிழமைக்கு எத்தினை நாள் கிடக்கு?”

“ஐஞ்சு, ஐயா.”

புதன்கிழமை பின்னேரம் மதகின் கடைசிக் கல்லை வைத்தார்கள். இளையதம்பி தானே சாந்து குழைத்ததாக ஊரில் கதை. வியாழக்கிழமை டி.ஆர்.ஓ.வின் கார் அதன்மேல் ஏறி இறங்கியது. கூட்டத்தில் நின்ற நேசமலர் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வீட்டுக்கு நடந்தாள்.

அதற்குப் பிறகு அரவையும் லகரத்தையும் தில்லையர் தானே விழுத்தத் தொடங்கினார். பள்ளிக்கூடத்துக்குக் கிணறு வெட்டித் தந்த கிராமச்சங்கத்துக்கு நன்றி என்று வந்தது. இரண்டு மாதத்தில் கிணறு வந்தது. தபாற்பெட்டிக்கு நன்றி வந்தது, பின்னாலே பெட்டி வந்தது. மற்றவர்களைத் திட்டி எழுதுகிற நிருபர்கள் நாட்டில் எத்தனையோ பேர். அதற்கெல்லாம் பதவிக்காரருக்குத் தோல் தடித்துப் போயிருந்தது. புகழ்ச்சி வந்து விழுந்தால்தான் அவர்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எல்லாமே பலித்தது என்றும் சொல்ல முடியாது. மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குக் கோச்சி விட்ட அமைச்சருக்கு ஒருமுறை நன்றி சொன்னார். முள்ளியவளையிலிருந்து ஒரு மனிசன் பெட்டி படுக்கையோடு வந்து ஸ்டேஷன் எங்கே என்று விசாரித்ததுதான் மிச்சம்.

இளையதம்பிக்கோ சனிக்கிழமை என்றாலே நெஞ்சு இடிக்கும். பத்திரிகைக் கட்டை அவிழ்க்க முதலே கேட்பார்: “இண்டைக்கு நான் என்ன செய்திருக்கிறன்?”

அறுபதாம் ஆண்டு மாசி மாதம். நேசமலர் சோறு போட்டுக்கொண்டே, “இஞ்சருங்கோ, ஒரு மருத்துவிச்சிக்கு நன்றி சொல்லி எழுதுங்கோவன்” என்றாள். தில்லையருக்கு அப்போதுதான் விளங்கியது. கவளத்தைச் சோற்றுக்கோப்பையில் வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். அவள் குழம்புச் சட்டியைப் பார்த்தாள்.

அன்றே எழுதினார். ‘பாலைமுறிப்புக்கு மருத்துவிச்சி நியமித்த சுகாதாரப் பகுதியாருக்கு நன்றி.’ மூன்று கிழமையில் கடிதம் வந்தது. சுகாதாரப் பகுதிப் பெரியவர் லேசுப்பட்டவர் அல்ல. ‘நாம் இன்னும் எவரையும் நியமிக்கவில்லை. நியமிக்கத் தயார். ஊரவர்கள் தெருவோரம், வெள்ளம் ஏறாத இடத்தில், காணியும் அதில் ஒரு வீடும் தரவேண்டும்’ என்று எழுதியிருந்தார்.

கிராமச்சங்கத்தில் கூட்டம் வைத்தார்கள். தெருவோரம், வெள்ளம் ஏறாத இடம் என்றால் ஊரில் ஒன்றே ஒன்றுதான். அது தில்லையரின் மேட்டுக்காணியில் தெருமுடக்கு மூலை. அங்கே அவர் நாலு முதிரை மரத்தூண் நட்டு வைத்திருந்தார். நிருபர் பணிமனை கட்டுவதற்கு. வவுனியாவில் பெயர்ப்பலகைகூட எழுதுவித்து, கட்டிலுக்குக் கீழே வைத்திருந்தார். ‘நிருபர்’ என்ற எழுத்து மட்டும் சிவப்பு. எத்தனை நாள் அந்தப் பலகையை வெளியே எடுத்துத் துடைத்துவிட்டுத் திரும்ப வைத்திருப்பார் என்று நேசமலரிடம்தான் கேட்கவேண்டும்.

கூட்டத்தில் எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் கூரையைப் பார்த்தார். பிறகு எழும்பி, அக்கிராசனரின் மாட்டுப்பட்டியைச் சொன்னார். அது பள்ளம். சங்கக்கடைக்குப் பின்பக்கத்தைச் சொன்னார். அது சுடலைக்குப் போகிற வழி. “பொதுக் காரியத்தை அவசரப்பட்டுச் செய்யக்கூடாது” என்று ஒரு பிரசங்கமும் வைத்தார். மூன்று கூட்டம் அப்படியே கலைந்தது. இன்னும் நாள் கிடக்கிறது, வேறு இடம் வரும் என்று அவர் மனதாரவே நம்பினார். தன் காணி என்று வந்தால் எந்த மனிதனுக்கும் நாள் நிறையக் கிடக்கும்.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை, பத்திரிகை எடுக்கச் சைக்கிளில் மாங்குளம் சந்திக்குப் போனார். முத்தலிப் கடைக்குள்ளிருந்து எழும்பி வந்து அவருடைய இரண்டு கையையும் பிடித்தார்.

“மாஷா அல்லாஹ்! இந்த மனசு ஆருக்கு வரும்?”

“என்ன, முத்தலிப் நானா, என்ன நடந்தது?”

“ஒண்டும் தெரியாத மாதிரி நிக்கிறார் பாருங்கோ, பெரிய மனிசன்!”

பத்திரிகையை விரித்தார். மூன்றாம் பக்கம். ‘மருத்துவிச்சி விடுதிக்குத் தனது தெருமுடக்குக் காணியையும் அதில் நட்டிருந்த தூண்களையும் மனமுவந்து அளித்த திரு. தில்லைநாதன் அவர்களுக்குப் பாலைமுறிப்புத் தாய்மார் என்றும் நன்றியுடையவர்களாய் இருப்பார்கள்.’ கீழே, ‘பாலைமுறிப்பு நிருபர்.’

தூண்களையும்!

சைக்கிளை மிதித்த மிதியில் சங்கிலி இரண்டு தரம் கழன்றது. வந்து பார்த்தால் மூலைக்காணியில் இருபது பேர் மண்வெட்டியோடு நின்றார்கள். விடியவே பத்திரிகை பார்த்துவிட்டுச் செவ்வரத்தம்பூ மாலையோடு நடுவில் நின்ற இளையதம்பியின் முகத்தில் இரண்டு வருசத்துச் சந்தோசம் ஒன்றாய் வந்திருந்தது.

“தம்பி, இண்டைக்கு நீ என்ன செய்திருக்கிறாய் எண்டு பாத்தியோ?”

“நீங்கள்தானே, ஐயா, இதை எழுதினது?”

“எனக்கு இப்பிடி எழுத வருமெண்டால் உனக்கு எப்பவோ எழுதியிருப்பனே!” என்று சொல்லி மாலையைப் போட்டார்.

மாலையோடேயே தில்லையர் வீட்டுக்குப் போனார். நேசமலர் குசினிக்குள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். மாலையைப் பார்த்தாள், பத்திரிகையைப் பார்த்தாள், மறைக்கவில்லை.

“நான்தான் எழுதினனான். உங்கட கையெழுத்து எனக்கு வரும்.”

“என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே, நேசம்?”

“நீங்கள் அக்கிராசனரைக் கேட்டோ மதகு கட்டினனீங்கள்?”

அவள் அரிசியை அப்படியே வைத்துவிட்டு எழும்பினாள். குரல் கூடவில்லை, குறையவுமில்லை.

“விருப்பமில்லையெண்டால் மறுப்புப் போடுங்கோ. நான் ஒண்டும் சொல்லமாட்டன். மதகு உடைஞ்சதை நாலு தரம் எழுதினீங்கள். எங்கட பிள்ளை செத்ததை ஒருக்காவும் எழுதேல்லை. அதை நான் இண்டுவரைக்கும் கேட்டனானோ? இப்ப எனக்கு ஐஞ்சு மாசம். திரும்பவும் என்னை அந்த வண்டிலிலை ஏத்தாதேங்கோ.”

தில்லையர் மேசையில் போய் இருந்தார். கடுதாசி எடுத்தார். ‘மேற்படி செய்தி’ என்று எழுதினார். அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. அவருக்கு வெட்கமாய் இருந்தது. அந்த நாலு செய்தியிலும் மதகின் நீளம், அகலம், கல்லுக் கணக்கு எல்லாம் இருந்தது. பிள்ளையைப் பற்றி எழுதினால் தான் அழுதுவிடுவோம் என்று அவருக்குத் தெரியும், அதனால்தான் எழுதவில்லை. அதை நேசமலருக்கும் சொன்னதில்லை. எழும்பிப் போய் அவள் களைந்த அரிசியைத் தானே உலையில் போட்டார். பிறகு மாலையைக் கழற்றி வேலியில் மாட்டிவிட்டு, மண்வெட்டியோடு மூலைக்காணிக்குப் போனார்.

அது குடியேற்றக் காணி என்பதால் டி.ஆர்.ஓ.விடம் போய் விட்டுக்கொடுப்புக் கடிதத்திலும் ஒப்பம் வைத்தார். சித்திரை முடிய மண்சுவர் எழும்பிக் கிடுகும் வேய்ந்தாயிற்று. நாலு தூணும் நாலு மூலையில் நின்றன. பெயர்ப்பலகை கட்டிலுக்குக் கீழேயே கிடந்தது. அதை யாரும் கேட்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை. அவ்வளவு பெரிய மகாத்மா அல்ல அவர்.

ஆனியில் மருத்துவிச்சி பத்மாசனி ஒரு தகரப்பெட்டியோடு பஸ்ஸால் இறங்கினாள். முப்பது வயது, கட்டையான தேகம், நல்ல வாய். வந்த அன்றே கூரைக்குப் போட்ட கிடுகு காணாது என்று அக்கிராசனரை ஏசினாள். அதைச் செய்தியாக எழுதட்டோ என்று கேட்ட தில்லையரையும் ஏசினாள்.

ஆடி மாதம் ஒரு மத்தியானம் நேசமலருக்கு நோவு கண்டது. இருநூறு அடி நடந்துதான் போனாள். பத்மாசனி கதவைச் சாத்தினாள். தில்லையர் வெயிலுக்குள், தெருவில், மேலும் கீழும் நடந்தார். மதகுப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே ஒரு சத்தம் கேட்டது, பிறகு ஒன்றும் கேட்கவில்லை, பிறகு வீரிட்டு அழுகிற ஒரு குரல் கேட்டது.

பத்மாசனி கை துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

“பொம்பிளைப் பிள்ளை. தாயும் சுகம், பிள்ளையும் சுகம்.”

“இன்னொருக்காச் சொல்லுங்கோ.”

“பொம்பிளைப் பிள்ளை. தாயும் சுகம். பிள்ளையும் சுகம்.”

“நடந்திட்டுதோ? உண்மையாத்தானோ?”

பத்மாசனிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“இதென்ன, நீங்கள் பேப்பருக்கு எழுதின செய்தியோ? உள்ளுக்கை போய்ப் பாருங்கோ!”

தில்லையர் காதிலிருந்த பேனையை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.