களத்தில் பழகிய கை

போன ஞாயிற்றுக்கிழமை மெட்ராஸில் ஒரு சின்ன வெள்ளைப் பந்து என் பேச்சைக் கேட்காமல் போய்விட்டது. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு பந்துக்காகவா என்று கேட்பீர்கள்... சொல்கிறேன்.

செஞ்சியில் எங்கள் கம்பெனியின் மல்லாட்டை கொள்முதல் டிப்போவுக்கு நான்தான் ஆபீசர். வேர்க்கடலையை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். மாமியார் மெட்ராஸில் படுத்த படுக்கை. என் மனைவி ஒரே பெண். வெள்ளிக்கிழமை பஸ் ஏறிப் போவாள். திங்கட்கிழமை கண் வீங்கித் திரும்புவாள். டிரான்ஸ்பர் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

எங்கள் மானேஜருக்கோ கோல்ஃப் மைதானத்தில்தான் காது கேட்கும். முன்பு மெட்ராஸில் அவரோடு நானும் மட்டை பிடித்தவன்.

"கம்பெனிகளுக்குள்ள ஒரு போட்டி வருது. நீங்க என் ஜோடி. கப் வந்தா மறுநாளே டிரான்ஸ்பர் ஆர்டர்" என்றார். "ஆனா உங்க பட்டிங் மோசம். இம்ப்ரூவ் பண்ணுங்க."

பட்டிங் என்பது கடைசியில் பந்தை மெல்லத் தட்டிக் குழியில் விழவைப்பது. பார்க்க சுலபம். செய்து பார்த்தால் தெரியும்!

செஞ்சியில் புல்தரைக்கு எங்கே போவது? எங்கு பார்த்தாலும் பாறையும் முள்ளும்தான். கடைசியில் தொண்டூர் ரோட்டில் ஜினதாஸ் நயினாரின் நெற்களம் கண்ணில் பட்டது. அறுவடைக்கு இன்னும் நாள் இருந்தது. களம் சாணம் மெழுகி வழவழவென்று கிடந்தது. குழி தோண்ட மட்டும் அவர் சம்மதிக்கவில்லை. வீட்டு எவர்சில்வர் டம்ளரை எடுத்துப் போய்ப் படுக்க வைத்தேன்.

நயினார் சமணர். "இருங்க சார், எறும்பு ஓடுது" என்று துணியால் மெல்ல ஓரம் தள்ளிய பிறகுதான் முதல் பந்துக்கு அனுமதி. அப்புறம் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்.

"இன்னா சார் இது, தள்ளிவுட்ட பந்த நீங்களே போயி எடுத்துக்கினு வரீங்க?"

பட்டிங்கில் முதல் பாடம் — தலையைத் தூக்கக் கூடாது. பந்து எங்கே போகிறது என்று பார்க்கக் கூடாது. விழுகிற சத்தத்தைக் காதால் கேட்க வேண்டும். அடுத்தது தரையின் வாட்டம். மழைத்தண்ணீர் வடிய, களத்தை ஒரு பக்கம் சரிவாகத்தான் போடுவார்கள். அதனால் டம்ளருக்கு ஒரு சாண் இடப்புறம் பார்த்துத் தட்டுவேன். பந்து வளைந்து வந்து — டிங்! நாளாக ஆக, கண்ணை மூடிக்கொண்டு தட்டினாலும் டிங்.

மொத்தமாகவே போய்விடப் போகிறோமே என்று, போட்டி நடந்த வாரம் மனைவி அம்மாவைப் பார்க்கப் போகவில்லை. பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்துவிட்டாள். அந்த டம்ளரும் உள்ளே போனது.

"ஜெயிச்சுட்டுத்தானே வருவீங்க?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை, மெட்ராஸில் போட்டியின் கடைசிக் குழி. ஓர் ஆள் நீளம்தான் தூரம். மட்டமான தரை. "ஸ்ட்ரெய்ட்டா தட்டுங்க. கப் நம்மளது" என்றார் மானேஜர்.

தலையைக் குனிந்தேன். நேராகத்தான் தட்டினேன் — அப்படித்தான் நினைத்தேன். கைக்கு நயினாரின் களம்தான் ஞாபகத்தில் இருந்திருக்கிறது. சத்தத்துக்குக் காத்திருந்தேன். மானேஜரின் "ச்சே" மட்டும் கேட்டது. பந்து குழிக்கு இடப்புறம் ஒரு சாண் தள்ளி நின்றிருந்தது.

பழக்கம், பழக்கம் என்கிறோமே... அது திறமையை மட்டுமா வளர்க்கிறது? கோணலையும் சேர்த்துத்தான் கையில் ஊறவைக்கிறது.

"நெக்ஸ்ட் இயர் பார்ப்போம்" என்று கார் கதவைச் சாத்தினார் மானேஜர். அடுத்த வருஷமாம்! அடுத்த மாதத்தையே மாமியார் தாண்டுவது சந்தேகம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

திண்டிவனத்தில் பஸ் மாறி வீடு வந்தேன். மனைவி என் முகத்தைப் பார்த்தாள். "சாப்ட்டீங்களா?" என்றாள். சாக்கை அவிழ்த்து, ஒவ்வொரு பாத்திரமாக அலமாரியில் திருப்பி வைத்தாள். கடைசியாக அந்த டம்ளர்.

டிங்!

நான் தலையைத் தூக்கவே இல்லை... அந்த ஒரு பாடம் மட்டும் எனக்கு அருமையாக வந்துவிட்டது.