ஏழாம் எண் கேக்

ஹெஸ்டர் புல்லன் பயந்த சுபாவம். முப்பது வருடம் பள்ளிச் சமையற்கூடத்தில் வேலை பார்த்தவள். வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதி வழி போனபின் அடுப்பை அணைத்தோமா என்று திரும்பி வருவாள். அப்படிப்பட்டவளின் கேக்கைத் தின்றுதான் ஆர்மராட் செத்துப்போனார் என்று ஊரே பேசியது.

ஆகஸ்ட் மாத மலர்க் கண்காட்சி. அங்கே நடந்த கேக் போட்டிக்கு அவர்தான் நடுவர். ஏழாம் எண் கேக்கில் ஒரு வாய் தின்றார். மேசை விரிப்பைப் பிடித்து இழுத்தபடியே சரிந்தார். எண் அட்டையைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் ஹெஸ்டரின் பெயர்.

இரண்டு மணி நேரத்தில் போலீஸ் சார்ஜென்ட் பிம் அவள் சமையலறையில் இருந்தான். அவள் பரிமாறிய மதியச் சாப்பாட்டில் வளர்ந்தவன். விஷமாக இருக்கலாம் என்று டாக்டர் சந்தேகப்படுவதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

ஹெஸ்டர் சுட்டது விதை கேக், சீமைச் சீரக விதை போட்டுச் சுடுவது. கடையில் அந்த விதை தீர்ந்துபோயிருந்ததால் ஓடைக்கரை வேலியோரம் தானே பறித்து வந்திருந்தாள். அதே இடத்தில் அதே சாயலில் ஒரு விஷச்செடியும் முளைக்கும். பார்த்துத்தான் பறித்தாள். ஆனால் கண்ணாடி போட்டிருந்தோமா? நினைவில்லை. அதை அவனிடம் சொன்னபோது தன் குரலே யாருடையதோ போலிருந்தது.

சொன்ன பிறகுதான் வேறொன்று நெஞ்சில் இடித்தது. போட்டிக்குப் போகும் கேக்கை வெட்டக்கூடாது. உள்ளே வெந்ததா என்று பார்க்க, அதே மாவில் இன்னொன்றும் சுடுவது அந்த ஊர்ப் பெண்களின் வழக்கம். அந்த ஜோடிக் கேக் டப்பாவில் இருந்தது. திறந்தாள். இரண்டு துண்டுகள் குறைந்திருந்தன.

"வில்ஃப்" என்றபடி தோட்டத்துக்கு ஓடினாள். புருஷன் சாய்வு நாற்காலியில் கிடந்தார், முகத்தின் மேல் தொப்பி. கூப்பிட்டாள், அசைவில்லை. நாலடி தூரத்திலேயே நின்றுவிட்டாள். பிம்தான் போய்த் தொப்பியை எடுத்தான்.

வில்ஃப் கண்ணைச் சுருக்கினார். "போலீஸை விட்டா டீக்கு எழுப்புவ?"

கேக் எப்போது தின்றார் என்று கேட்டாள். மத்தியானம், இரண்டு துண்டு என்றார். "கொஞ்சம் வறட்சியா இருந்துச்சு. சொன்னா உனக்குக் கோவம் வரும்."

ஹெஸ்டர் புல்லிலேயே உட்கார்ந்து அழுதாள். அவள் விதையில் பழுதில்லை. ஆனால் பிம் சும்மா விடவில்லை. அப்படியானால் கேக் வீட்டைவிட்டுப் போன பிறகுதான் விஷம் சேர்ந்திருக்கிறது. மேலே தூவியிருந்த சர்க்கரையில் இருக்கலாம் என்றான்.

"என்ன சர்க்கரை? விதை கேக்குல மேல ஒண்ணும் தூவக்கூடாது, தூவினா போட்டியில இருந்தே கழிச்சுடுவாங்க. இது பாலர் வகுப்புப் பிள்ளைக்கே தெரியுமேப்பா."

கேக்கை யாரிடம் கொடுத்தாள் என்று கேட்டான். அவள் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். கண்காட்சிக் கூடார வாசலில் கைநீட்டி வாங்கியது அதன் செயலாளர் ஐவி ஸ்டாக். ஆர்மராட்டின் மச்சினி, ஹெஸ்டரின் இருபது வருடச் சிநேகிதி. சொன்னால் ஐவி மாட்டுவாள், சொல்லாவிட்டால் இவளே மாட்டுவாள்.

வாசல் மணி அடித்தது. இருவரும் உள்ளே வந்தபோது கதவுக் கண்ணாடியில் ஐவியின் தொப்பி தெரிந்தது. பிம் உதட்டில் விரலை வைத்துக் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினான். ஹெஸ்டர் தாழ்ப்பாளை நீக்கினாள்.

ஐவியின் கையில் துணி மூடிய தட்டு, அதில் மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட சூடான பலகாரம். "ஹெஸ்டி கண்ணு, நீ எதுவும் சாப்பிட்டிருக்க மாட்டேன்னு தெரியும். தைரியமா இரு. நீ வேணும்னு செஞ்சன்னு யாரும் சொல்லமாட்டாங்க."

ஹெஸ்டர் தட்டை வாங்கிக்கொண்டாள். "ஐவி, என் கேக்குல சர்க்கரை தூவினியா?"

ஐவி தன் தொப்பியைச் சரிசெய்தாள். "மொட்டையா இருந்துச்சேடி. உனக்குப் பரிசு கிடைக்கட்டுமேன்னு கொஞ்சூண்டு."

"தூவக்கூடாதுன்னு விதி எழுதினதே நீதானே."

ஐவியின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. ஹெஸ்டரின் வாழ்நாளில் அவளை அத்தனை பயமுறுத்தியது வேறெதுவும் இல்லை. கதவு மெல்ல நகர்ந்து பிம் வெளியே வந்தான்.

ஐவியைப் பிம் அழைத்துப் போன பிறகும் ஹெஸ்டர் வாசலிலேயே நின்றாள். தட்டு இன்னும் கையைச் சுட்டது, அதிலும் ஐவி எதைத் தூவியிருந்தாளோ. கீழே வைத்தால் பூனை வாய்வைக்கும், உள்ளே கொண்டுபோனால் வில்ஃப் எடுத்துக்கொள்வார். கை காந்தக் காந்த அதைப் பிடித்துக்கொண்டே நின்றாள், யாராவது வந்து வாங்கிக்கொள்ளும் வரை.