அரக்கு வைத்த சுருதிப்பெட்டி

நேற்று எதிர்வீட்டுப் பெண் கைபேசியில் விரலால் ஒரு தள்ளு தள்ளிச் சுருதியை மாற்றிக்கொண்டு பாட உட்கார்ந்தாள். ஐந்தரைக் கட்டை சிரமமாக இருக்கிறதாம், ஐந்துக்கு இறக்கினாள். எனக்கு வயிற்றெரிச்சலாகிவிட்டது. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

அறுபதுகளில் செஞ்சியில் நான் படித்த பள்ளியில், எஸ்.எஸ்.எல்.சி.க்குப் பெண்கள் விருப்பப் பாடமாக இசையைத்தான் எடுக்க வேண்டும். யாருடைய விருப்பம் என்று கேட்காதீர்கள். "பொண்ணுங்க கையில பீக்கர் குடுத்தா ஒடச்சிடுங்க" என்று தலைமையாசிரியர் விருப்பப்பட்டார். ஆக, உடைக்க முடியாத பொருளாகப் பார்த்துச் சங்கீதத்தைக் கொடுத்தார்கள்.

இசை வாத்தியார் என்று ஒருவர் இருந்தார். அவர் பாடி நாங்கள் கேட்டதில்லை. நோட்ஸ் சொல்லித்தான் கேட்டிருக்கிறோம். வாய்விட்டுப் பாடினால் பக்கத்து வகுப்பில் கணக்குப் பாடம் கெட்டுவிடும் என்று ராகங்களைக் கரும்பலகையிலேயே படித்தோம். மேளகர்த்தா ராகங்கள் எழுபத்திரண்டின் பெயரையும் நான் மூச்சுவிடாமல் ஒப்பிப்பேன். ஒன்றையும் பாடத் தெரியாது. அதனால் முதல் மாணவி நான்தான். சுருதிப்பெட்டிப் பொறுப்பும் எனக்கே.

அந்தப் பெட்டியில் சின்னச் சின்ன மூடிகள் இருக்கும். எதைத் திறக்கிறோமோ அந்தச் சுருதி வரும். பிள்ளைகள் நோண்டிவிடக் கூடாதென்று வாத்தியார் தம் குரலுக்கான ஒரு கட்டையை மட்டும் விட்டுவிட்டு, மற்ற மூடிகளை அரக்கு உருக்கி ஒட்டிவிட்டார். செய்முறைத் தேர்வுக்காக எப்போதாவது எங்களைப் பாட விடுவார். அந்த ஆண் சுருதியில் நாங்கள் கீழே பாடினால் வெறும் காற்று வந்தது, மேலே போனால் கீச்சிட்டது. அதைக் கேட்டு அந்த மேதை, "பொம்பளப் புள்ளைங்களுக்கு ஞானம் கம்மி" என்பார்.

எங்களில் உண்மையாகப் பாட வந்தவள் ஆரோக்கியமேரி ஒருத்திதான். அவள் பாடுவதைக் கேட்கவே நான் மாதா கோயில் வாசலில் போய் நின்றிருக்கிறேன், நாங்கள் அந்தச் சாமி கும்பிடுகிறவர்கள் இல்லையென்றாலும். பாஸானால் டீச்சர் ட்ரெயினிங், இல்லாவிட்டால் கல்யாணம் என்று அவளுடைய நைனா சொல்லியிருந்தார். செய்முறைத் தேர்வுக்கு முதல் நாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அஞ்சு கட்ட மூடியில இருக்கிற அரக்க மட்டும் சொரண்டிடுடி. என் கொரலு அதுலதான் நிக்கும்."

"சரிடி" என்றேன்.

மறுநாள் தேர்வுக்குக் கொண்டை ஊசியோடுதான் போனேன். வாத்தியார் பெட்டியருகிலேயே நின்றார். முதல் மாணவி என்ற பெயர் போய்விடுமே! ஊசியைத் தலையிலேயே விட்டுவிட்டுத் துருத்தியை அமுக்கினேன். மேரி என்னைப் பார்த்தாள். கீழே போய்ப் பார்த்தாள், மேலே போய்ப் பார்த்தாள், நிறுத்திவிட்டாள். வெளியூரிலிருந்து வந்திருந்த பரீட்சைக்காரருக்கு வெயில் ஏறுமுன் கோட்டையைப் பார்த்துவிடும் அவசரம். "கொரலே இல்லியேம்மா ஒனக்கு" என்று மதிப்பெண் போட்டார். அடுத்து நான் எழுபத்திரண்டையும் ஒப்பித்தேன். சபாஷ் என்றார்.

மேரி தேறவில்லை. அவலூர்பேட்டையில் கல்யாணம் செய்து கொடுத்துவிட்டார்கள். அந்தப் பள்ளியில் இப்போது இசைப் பாடமே கிடையாது. ஒழிந்தது என்றுதான் நினைக்கிறேன். அந்தப் பெட்டியும் எங்காவது கறையானுக்குப் போயிருக்கும்.

பல வருடம் கழித்து அவலூர்பேட்டைச் சந்தையில் அவளைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அதற்குத் துணிச்சல் வராமல், "கோயில்ல இன்னும் பாடறியா மேரி?" என்றேன்.

கோபமாவது பட்டிருக்கலாம். சிரித்தாள்.

"இன்னாடி நீ! எனக்குத்தான் கொரலே இல்லன்னு அன்னிக்கே சொல்லிட்டாங்களே. அதுக்கப்பறம் நான் வாயே தெறக்கல."