இறப்பர் இலைகளுக்கு மேலே ஒரு வால்வெள்ளி

எஹலியகொடைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இறப்பர் பால் வெட்டும் ரோசலினுக்கு, வால்வெள்ளி பார்க்கும் ஆசை பத்து வயதில் பிடித்தது. எண்பத்தாறாம் வருஷம் ஒன்று வந்தபோது ஊரே அதைப் பற்றிப் பேசியது. தோட்டப் பள்ளிக்கூடத்து டீச்சர் கரும்பலகையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை வால் வரைந்து காட்டினார். ரோசலின் விடியற்காலையில் எழுந்து லயத்து வீட்டு வாசலில் போய் நிற்பாள். மழை விட்டால்தானே வானம் தெரிய?

அடுத்த பெரிய வால்வெள்ளி வந்தபோது கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தாள். பொழுது சாய்ந்ததும் வீட்டுக்காரர்கள் மொட்டை மாடிக்கு ஓடினார்கள். இவள் சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஏறிப் போனபோது அது கடல் பக்கம் இறங்கிவிட்டிருந்தது. "நாளைக்குப் பார்க்கலாம்" என்றார் வீட்டுக்கார அம்மா. மறுநாள் விருந்தாளிகள் வந்தார்கள். அதற்குப் பிறகு மேகம்.

ஊருக்குத் திரும்பி அந்தனியைக் கட்டி, பிள்ளை பெற்று, பால்வெட்டுக் கத்தியைப் பிடித்தாள். வெயில் ஏறினால் பால் வடியாது. அதனால் இருட்டோடு எழுந்து போக வேண்டும். வால்வெள்ளி பார்க்கத் தோதான நேரத்தில் தினமும் விழித்துத்தான் இருந்தாள். என்ன செய்வது, அண்ணாந்தால் இறப்பர் இலை.

இரண்டாயிரத்து இருபத்துநான்கு செப்டெம்பர் கடைசியில் கொழும்பிலிருந்து மகன் அமல்ராஜ் போனில் கோல் எடுத்தான்.

"அம்மா, வால்வெள்ளி ஒண்ணு வந்திருக்கு. விடியிறதுக்கு முன்ன கிழக்க பாருங்க. கீழ்வானத்திலதான் தெரியும், மலை மறைக்காத எடமா போங்க."

தோட்டத்துக் கணக்கப்பிள்ளையிடம் வேலைக்குப் பிந்தி வர அனுமதி கேட்டாள். "வல்கா தருவத?" வால்வெள்ளியா என்று அவர் சிங்களத்தில் கேட்டுச் சிரித்தார். பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டு, மரத்தில் கத்தி ஆழமாகப் போகிறது, பார்த்து வெட்டு என்றார். கொஞ்ச நாளாகவே அந்த ஏச்சு இருந்தது.

மறுநாள் மாதா கோயிலுக்கு மேலேயுள்ள பாறைக்கு அந்தனியோடு ஏறினாள். முழங்கால் வலியோடு அவர் முன்னால் டோர்ச் அடித்துப் போனார். முந்தின நாள் மழை வானத்தைக் கழுவி விட்டிருந்தது.

"அந்தா புள்ள, தெரியுது!"

"எங்கங்க?"

"அந்தக் கித்துள் மரத்துக்கு மேல. கொஞ்சம் வலப் பக்கமா பாரு."

கித்துள் மரம் தெரிந்தது. அதற்கு மேலே வெளிறிய பூச்சு மட்டும். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். மற்ற வெள்ளிகளை, வானத்து நட்சத்திரங்களையெல்லாம் தேடினாள். எல்லாமே ஊறிப் போய், ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. கத்தி ஏன் ஆழமாகப் போகிறது என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

"எனக்குத் தெரியலங்க," என்றாள். "நீங்க பாத்துச் சொல்லுங்க."

அந்தனிக்கு அதிகம் பேச வராது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சின்ன வெள்ளி. அதுக்கு மேல வாலு நிமிர்ந்து நிக்குது. சாம்பிராணிப் பொகை மாதிரி. ஆனா அசையல."

"வாலு எம்புட்டு நீளம்?"

"கைய நீட்டினா ரெண்டு மூணு வெரல் இருக்கும். நுனி போகப் போகக் கரையுது."

"இன்னும் சொல்லுங்க."

கிழக்கு வெளுத்து அது மங்கும்வரை, சொன்னதையே மாற்றி மாற்றிச் சொன்னார். அவளும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் கண்ணில் வெண்படலம் என்றார்கள். முறை வந்து ஒபரேஷன் முடிந்தபோது அடுத்த வருஷம் ஆகியிருந்தது. வால்வெள்ளி எப்போதோ போய்விட்டது. மருந்து விடுகிற நாட்கள் முடிந்து, மழையில்லாத ஒரு மாலை லயத்து முற்றத்தில் இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். ஒவ்வொரு வெள்ளியும் தனித்தனியாக, ஊசிமுனையாக நின்றது. மகனுக்குக் கோல் எடுத்தாள்.

"அடுத்தது எப்படா வரும்?"

"அது யாராச்சும் கண்டுபுடிச்சாத்தான் தெரியும்மா."

"கண்டுபுடிச்சா அன்னைக்கே எனக்குச் சொல்லிறு."

உள்ளேயிருந்து அந்தனி கூப்பிட்டார். "சோறு ஆறுது புள்ள."

"இந்தா வாறேன்," என்றாள். காலை எடுத்து வைக்கவில்லை.