ஏழாவது பாட்டு

வேதமுத்துவின் சிடி வெளிவந்த அன்று ஆனைமுடி மலை அரையடி குனிந்து காதைக் கொடுத்தது. பள்ளிவாசல் ஊர்ப் பவர்ஹவுசில் தண்ணீர் சக்கரத்தைச் சுற்றுவதை விட்டுவிட்டுத் தாளம் போட்டது. வரையாடுகள் குடும்பம் குடும்பமாக இறங்கி வந்து ஆளுக்கொரு சிடி வாங்கிக்கொண்டு போயின.

சித்திரபுரத்தில் பக்கத்து வீட்டு ஜிபின் இப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிவான். அந்தச் சிடி வந்தபோது அவன் தொட்டிலில் கிடந்தான். ப்ளஸ் ஒன்னைப் பாதியில் விட்டவன். இதை எழுதுவதும் அவன்தான், ஆகையால் ஆடுகளை மட்டும் தள்ளிவிட்டுப் படிக்கவும். மீதி நடந்தது.

வேதமுத்து தேயிலை ஃபேக்டரியில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். ஞாயிறு பூசையில் பாடுகிறவர். மாதா திருவிழாவுக்காகச் சொந்தமாகப் பாட்டுக் கட்டி, பத்துப் பாட்டில் ஒரு சிடி போட்டார். பத்தும் திருவிழாச் சப்பரம் போகிற வழியிலேயே போகும். முதல் பாட்டு கொடியேற்றத்துக்கு. மூன்றாவது சப்பரத்தைத் தோளில் ஏற்றும்போது, செண்டை மேளத்தோடு. ஏழாவது, கல்லறை வளைவில் சப்பரம் நின்று, செத்துப்போனவர்களுக்காக எல்லாரும் மௌனமாகும் இடத்துக்கு. பத்தாவதில் கொடி இறங்கிவிடும்.

ஏழாவது பாட்டை அவர் மனைவி சிசிலி பாடினாள். கொழுந்து கிள்ளுகிறவள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கோயிலுக்குள் வைத்துத்தான் பதிவு. 'விளக்கணைத்துப் போனவரே, வெளிச்சத்தில் உறங்குங்கள்' என்று இழுத்துப் பாடிக்கொண்டிருந்தவளின் காதில் ஃபேக்டரி சங்கு விழுந்தது. சங்கு ஊதினால் கூடையோடு மலையில் நிற்க வேண்டும். இருபது வருஷத்துப் பழக்கம், பாட்டென்றும் மாதாவென்றும் பார்க்குமா? ஒரு நொடி நின்றாள். அடுத்த நொடி மிச்சமிருந்த நாலு வரியையும் ஓட்டமாய் ஓட்டி முடித்துவிட்டு, செருப்புச் சத்தம் படபடவென்று கேட்க வாசலைத் தாண்டிப் போய்விட்டாள். சங்கும் செருப்பும் அப்படியே பதிவாகிவிட்டன. மைக்குக்காரர் பெட்டியைக் கட்டிவிட்டார்.

சிடியாக இருந்தவரை அது ஒரு குறையாகத் தெரியவில்லை. வாங்கினவர்கள் பத்தையும் வாங்கினார்கள். ஆறு முடிந்தால் ஏழு வரத்தான் செய்யும். தோட்டத்து லயத்து வீடுகளில் சிடி ஓடும்போது அந்த இடம் வந்தால் பெண்கள் அடுப்படியிலிருந்தே கத்துவார்கள்: "சிசிலி ஓடுதாடி! கங்காணி வாராரு!" சிசிலிக்கு வெட்கமும் சிரிப்பும் வரும்.

அப்புறம் சிடி போய் ஃபோன் வந்தது. மூணாறில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த மிக்கேல்ராஜ், பாட்டை வலையில் ஏற்றித் தருவதாகச் சொல்லி வீட்டுக்கே வந்தான்.

"ஒவ்வொரு பாட்டாத்தான் ஏத்தணும் சித்தப்பா. சனங்க புடிச்சத மட்டும் எறக்கிக்கிடுவாங்க. எதெது போடட்டும்?"

"ஏழாவத விட்டுட்டு எல்லாம் போடு."

சிசிலி பால் விடாத கட்டஞ்சாயா டம்ளரோடு நின்றாள். "ஏங்க, பாட்டு பத்துல்லா?"

"அந்தச் செருப்புச் சத்தத்த எவன் எறக்குவான்?"

"அதுவுஞ் சரிதான்," என்று சிரித்துக்கொண்டே டம்ளரை வைத்துவிட்டுப் போனாள். அடுத்த ஞாயிறிலிருந்து கோயிலில் பாடுகிறவர்கள் வரிசையில் ஓரடி பின்தள்ளி நின்றாள். அந்த ஓரடி வேதமுத்துவுக்குத் தெரியவில்லை. மூன்று மழைக்காலத்துக்கு முன்னால் காய்ச்சலில் அவள் போய்ச் சேர்ந்து, அந்த இடம் காலியான பிறகுதான் அது பின்வரிசை என்பதே அவர் கண்ணில் பட்டது.

முப்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு ஏழாவதையும் ஏற்றச் சொன்னார். எத்தனை பேர் இறக்கினார்கள் என்று ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே ஓர் எண் நிற்கும். மூன்றாவதற்கு நாலாயிரத்துச் சொச்சம். ஏழாவதற்குப் பூஜ்யம். காலையில் பல் விளக்குமுன் பார்ப்பார். பூஜ்யம். மழை விட்டதும் பார்ப்பார். அதே பூஜ்யம்.

"கொடியும் ஏத்தாம கல்லறைக்கும் போவாம, செண்டைக்கு மட்டும் வந்துட்டுப் போறானுவ," என்று புலம்பினார்.

"நீங்களே ஒண்ணு எறக்கிருங்க மாமா," என்றான் ஜிபின்.

"நம்ம ஊட்டுக் கல்யாணத்துக்கு நாமளே மொய் எழுதுவமாலே?"

போன தவக்காலத்தில் பூஜ்யம் ஒன்றாயிற்று. வேதமுத்து ஃபோனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார். பிறகு மூன்று, ஒன்பது, இருபது. திருவிழா நெருங்கும்போது நாற்பத்தொன்று.

"யாரா இருக்கும்லே?"

"துபாய்ல நம்மூரு நர்ஸ் அக்காமாரு இருக்காங்கல்ல மாமா. ஒருத்தி கேட்டு அழுதிருப்பா. ஹாஸ்டல் பூராம் பரவிருக்கும்."

"அழுதிருப்பாளோ?"

"பின்னே? அங்க வெயிலு வேற."

வேதமுத்து அந்த நர்சுகளுக்காகத் தினமும் ஜெபமாலையில் ஒரு மணி கூட்டிச் சொன்னார். திருவிழாவன்று புது வேட்டி கட்டினார்.

சப்பரத்துக்கு முன்னால் ஜீப்பில் பாட்டுப் பெட்டி வைப்பது வழக்கம். இந்த வருஷம் பெட்டிக்கு ஜிபின். போன இரண்டு வருஷமும் கல்லறை வளைவில் மூன்றாவது பாட்டுத்தான் போட்டார்கள். செத்துப்போனவர்கள் தலைமாட்டில் செண்டை முழங்க, வேதமுத்து சிசிலியின் சிலுவையைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார். இந்த வருஷமும் அப்படித்தான் தலையைக் குனிந்துகொண்டு வளைவுக்கு வந்தார். சப்பரம் நின்றது. செண்டை வரவில்லை.

'விளக்கணைத்துப் போனவரே' என்று சிசிலி எடுத்தாள்.

கூட்டத்தில் ஒருவரும் இருமவில்லை. இழுத்து இழுத்துப் பாடி வந்தவள், சங்கு ஊதியதும் ஒரு நொடி நின்றாள். பிறகு ஓட்டம். நாலு வரி முடிந்து செருப்புச் சத்தம் படபடவென்று கல்லறைச் சுவரைத் தாண்டி இறங்கிப் போயிற்று. பின்னாலிருந்து வயதான கத்தரீனாள் மெதுவாகச் சொன்னாள்: "சிசிலி ஓடுதா."

வேதமுத்து தலையைத் தூக்கிச் சிலுவையைப் பார்த்தார். அவளிடம் சொல்ல வேண்டியதை டம்ளரோடு அவள் நின்ற அன்றே சொல்லியிருக்கலாம். பிறகு ஜீப்பருகே வந்தார்.

"கை தவறிப்போச்சு மாமா," என்றான் ஜிபின். "மூணாவது போடப் போனேன். நெட்டு இத எடுத்துக் குடுத்துருச்சு."

"இந்த வளைவுல டவரே கெடையாதுலே. எறக்கி வச்சிருந்தாத்தான் பாடும்."

ஜிபின் வயரைச் சரிசெய்வதுபோலக் குனிந்தான்.

"அழிச்சு அழிச்சு எறக்கினியாக்கும். நாப்பத்தொண்ணும் நீதானா?"

"சே, இல்ல மாமா. நான் முப்பத்தெட்டுத்தான். மிச்சம் மூணு யாருன்னு எனக்கே தெரியாது. சத்தியமா நர்சுங்கதான்."

வேதமுத்து புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். சப்பரம் மறுபடி தோளுக்கு ஏறிக்கொண்டிருந்தது.

"அந்த மூணும் நீதாம்லே," என்றார்.