பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய புத்தகம்

குமுதா புத்தகம் வாங்குவதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். சௌராஸ்தா சந்தை மாடியில், பழைய புத்தகக் கடை முன்னால் நின்றுகொண்டு ஒன்றை எடுப்பாள். அட்டையைப் பார்க்கவே மாட்டாள். அட்டையை நம்பி ஒருமுறை பட்டது போதும் அவளுக்கு. முன்னால் கொஞ்சம், நடுவில் கொஞ்சம், கடைசியில் கொஞ்சம் என்று பிரித்து, கைப்பேசிக் காமிராவை எழுத்துக்கு மேல் பிடிப்பாள். அது தமிழாக்கிச் சொல்வதில் பாதியும் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பாதியுமாகச் சேர்த்து உதடசைய வாசிப்பாள். பிறகு அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பாள்.

கடைக்காரர் ஷேக் அலாவுதீன் அன்று வெகுநேரம் பொறுத்துப் பார்த்தார்.

"தங்கச்சி, மீன் கடை கீழ இருக்கு. இங்க செவுளத் தூக்கிப் பாத்து யாரும் வாங்குறதில்ல."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். குமுதாவும் சிரித்தாள், ஆனால் கை நிற்கவில்லை. "மீனு கெட்டிருந்தா வயித்துவலியோட போயிரும்ணே. இது கெட்டிருந்தா எம்மவ தூங்கமாட்டா."

அப்படி என்னதான் வேண்டும் என்று அவர் கேட்டார். அவள் சொன்னாள். மகளுக்கு எட்டு வயது. படிப்பதோ பன்னிரண்டு வயதுப் பிள்ளை படிப்பது. சிரிப்பு வர வேண்டும். கெட்ட வார்த்தை கூடாது. காதல் கீதல் கூடாது. யாரும் சாகக் கூடாது, அதிலும் அம்மா சாகவே கூடாது.

"அப்படி ஒண்ணு வந்திருந்தா விக்காம நானே வச்சுப் படிச்சிருப்பேன்லா" என்றார் அலாவுதீன்.

குமுதா சுங்கை பாக்காப்பில் பிறந்தவள். பள்ளிக் கடைசிப் பரீட்சையான எஸ்.பி.எம். முடித்த கையோடு மாக் மண்டினில் புட்டி மூடி செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்தாள். தனேஷைக் கட்டிக்கொண்டு தீவுப் பக்கம் டத்தோ கிராமாட்டில் ஃபிளாட்டுக்குக் குடிவந்த பிறகும் அந்த வேலையை விடவில்லை. தினமும் ஃபெரியில் கடலைத் தாண்டி பட்டர்வொர்த் போய், அங்கிருந்து கம்பெனி வேனில் போவாள். மூடிகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். எல்லாவற்றையும் பார்க்க முடியாது. மேலே கொஞ்சம், நடுவில் கொஞ்சம், அடியில் கொஞ்சம் அள்ளி, விளிம்பைத் தடவி, வெளிச்சத்தில் காட்டிப் பார்ப்பாள். எடுத்தது நன்றாக இருந்தால் பெட்டி முழுக்க நன்றாக இருக்கும் என்று அர்த்தம். வட்டமான பச்சை ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி அனுப்பிவிடுவாள். அவள் ஒட்டிய பெட்டி திரும்பி வந்ததில்லை என்று சூப்பர்வைசரே சொல்வார். ஊரில் எவ்வளவோ பேர் எவ்வளவோ படித்திருக்கலாம். குமுதாவுக்குப் பெருமைப்பட இது இருந்தது.

அதனால்தான் மகள் மிர்த்திகாவின் புத்தகங்களுக்கும் அதே வழியைப் பிடித்தாள். தேர்ந்த புத்தகத்தின் பின்னட்டையில், வேலையிடத்தில் வீணாகிக் கிடந்த ஸ்டிக்கர் சுருளிலிருந்து ஒரு பச்சை வட்டம். அது இருந்தால் மிர்த்தி படிக்கலாம். கதை எப்படிப் போகும் என்று அம்மாவிடம் அவள் கேட்டதே இல்லை. புத்தகத்தைத் திருப்பி வட்டம் இருக்கிறதா என்று பார்ப்பாள், உட்கார்ந்துவிடுவாள்.

இதற்கெல்லாம் முன்னால் நடந்தது ஒன்று உண்டு. தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை, உங்கள் பிள்ளை வகுப்பைத் தாண்டிப் படிக்கிறாள், நிறையக் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினார். எதைக் கொடுப்பது என்று அவரும் சொல்லவில்லை, குமுதாவும் பூரிப்பில் கேட்கவில்லை. நூலகத்தில் எட்டு வயதுக்கென்று வைத்திருந்த அலமாரியை மிர்த்தி ஒரே விடுமுறையில் முடித்தாள். பக்கத்து அலமாரிக்குப் போனால் அட்டையிலேயே ரத்தம், இல்லாவிட்டால் கட்டிப்பிடித்து நிற்கும் ஜோடி. தமிழில் கிடைத்ததெல்லாம் கடைசிப் பத்தியில் புத்தி சொன்னது. மிர்த்தி அந்தப் புத்தியை முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டு மூடி வைத்தாள். கடைசியில் ஒரு மண்டபத்தில் நடந்த மலிவு விற்பனையில் தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று அகப்பட்டது. அட்டையில் நாய்க்குட்டி, பலூன். குமுதா யோசிக்காமல் வாங்கிக் கொடுத்தாள்.

அந்தக் கதையில் ஒரு பெண்ணின் அம்மா காலையில் கப்பலேறிப் போகிறாள். திரும்பி வரவில்லை.

அதன் பிறகு வீடு வீடாக இல்லை. மிர்த்தி காலையில் வாசல் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஃபெரியில் மிதவைச் சட்டை எங்கே இருக்கும், எத்தனை இருக்கும், அம்மாவுக்கு நீந்தத் தெரியாதே என்றாள். குமுதா ஃபெரியை விட்டுவிட்டுப் பாலம் வழியாகப் பஸ்ஸில் சுற்றிப் போனாள். தாமதம் ஆனது, வருஷ விடுப்பு எல்லாம் கரைந்தது, சூப்பர்வைசர் முகம் மாறியது. சின்னப்பிள்ளை கதை, மறந்துவிடும் என்றான் தனேஷ். மறக்க மாதக் கணக்கானது. அவள் சிரிப்பதும் தூங்குவதும் பழையபடி ஆனபோது குமுதா சாமிக்குத் தேங்காய் உடைத்துவிட்டுத் திரும்ப ஃபெரியில் ஏறினாள். இன்னொரு முறை அப்படி ஆனால் வேலையையே விட வேண்டியிருக்கும். அதைவிட, அந்தப் பிள்ளையின் முகத்தை அப்படி இன்னொரு முறை பார்க்கத் தன்னால் ஆகாது என்று அவளுக்குத் தெரியும்.

அன்று அலாவுதீன் கடையில் அவள் தேர்ந்தெடுத்தது ஓர் அத்தையைப் பற்றிய புத்தகம். அத்தை வாத்துகளுக்காக ஹோட்டல் திறக்கிறாள். முன்னால் பார்த்த இடத்தில் ஒரு வாத்து தலையணை சரியில்லை என்று சண்டை போட்டது. நடுவில் பார்த்த இடத்தில் அத்தை தோசைக்கல்லைப் போல ஏதோ ஒன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றாள். கடைசிப் பக்கத்தில் எல்லாரும் கேக் தின்றார்கள். பச்சை ஸ்டிக்கர் விழுந்தது.

பள்ளி விடுமுறை. ஞாயிறு சாயங்காலம் குமுதா சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்க, கூடத்திலிருந்து மிர்த்தியின் சிரிப்பு வந்தது. ஒரு சிரிப்பு அடங்கும் முன் அடுத்தது. தனேஷ் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிவைக்க வேண்டியிருந்தது. சோப்புக் கையோடு குமுதா நின்று கேட்டாள்.

பிறகு சிரிப்பு நின்றது.

முதலில் அவள் பொருட்படுத்தவில்லை. ஒரு தட்டைக் கழுவினாள், இன்னொன்றையும் கழுவினாள். சத்தமே இல்லை. கையைத் துடைக்காமல் கூடத்துக்கு வந்தாள். மிர்த்தி தரையில் உட்கார்ந்து, மடியிலிருந்த பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். என்ன ஆச்சு என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாள். பிறகு தலை நிமிராமலே கேட்டாள்.

"ம்மா, நாளைக்கு ஃபெரியா, பாலமா?"

குமுதா விடுவிடென்று அருகில் வந்தாள். படித்தது போதும், கண் கெட்டுவிடும் என்று சொல்லி, மகள் விரல் வைத்திருந்த இடத்தின் ஓரத்தை மடித்துப் புத்தகத்தை வாங்கி, வேலைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். மிர்த்தி முரண்டு பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் தேவலை. அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து போய்ப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை, பக்கத்து வீட்டு ரமணியக்காவிடம் பிள்ளையை விட்டுவிட்டுக் கிளம்பினாள். மிர்த்தி கதவைப் பிடிக்கவில்லை, எதுவும் கேட்கவுமில்லை. ஃபெரியில் உட்கார்ந்ததும் குமுதா மடித்த பக்கத்தைப் பிரித்தாள். அதற்கு முன்னிருந்து எழுத்தெழுத்தாக வாசித்து வந்தாள். அத்தை வாத்துகளுக்குத் தீனி எடுத்துக்கொண்டு சின்னப் படகில் குளத்தைக் கடக்கிறாள். படகு ஆடுகிறது. அத்தை விழுகிறாள். காப்பாத்துங்க என்று கத்துகிறாள். கத்தல் நிற்கிறது. தண்ணீரில் அவள் தொப்பி மட்டும் மிதக்கிறது. அத்தியாயம் அங்கே முடிந்திருந்தது.

போயும் போயும் தண்ணீரில். குமுதா சன்னலுக்கு வெளியே கலங்கிக் கிடந்த கடலைப் பார்த்தாள். பக்கத்தைத் திருப்பக் கை வரவில்லை. கடைசியில் எல்லாரும் கேக் தின்றார்களே, அந்த எல்லாரில் அத்தை இருந்தாளா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. ஒரே ஒரு தாள். அதைப் புரட்டினால் தெரிந்துவிடும். தெரிந்துவிடுமே என்றுதான் புரட்டாமல் பைக்குள் வைத்தாள்.

அன்று முதல் பெட்டியில் அவள் வழக்கமாக எடுப்பதை எடுத்தாள். நன்றாகத்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம் எடுத்தாள். பிறகு இன்னும் கொஞ்சம். சூப்பர்வைசர் வந்து பார்த்தபோது பாதிப் பெட்டி மேசையில் கிடந்தது. என்னம்மா, கல்யாணத்துக்குப் பாக்கு எண்ணுகிறாயா என்றார். அவள் இன்னொரு பிடி அள்ளினாள்.

சாப்பாட்டு நேரத்தில் லோக்கரிலிருந்து கைப்பேசியை எடுத்தால் ரமணியக்கா பலமுறை அழைத்திருந்தாள். குமுதா திரும்பக் கூப்பிட்டாள். பிள்ளை காலையிலிருந்து சாப்பிடவில்லை, ஜுரம் இல்லை, அழவும் இல்லை, வாசல்பக்கம் உட்கார்ந்தது உட்கார்ந்தபடி இருக்கிறது, கேட்டால் பேசமாட்டேன் என்கிறது என்றாள். இதோ கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டு, கேண்டீன் மேசையில் சோற்றுப் பொட்டலத்தைத் தள்ளி வைத்து, குமுதா பக்கத்தைத் திருப்பினாள்.

அத்தையின் மருமகன் கரையில் நின்று சொல்கிறான்: அத்தை, எழுந்து நில்லுங்க. குளத்தில் தண்ணீர் முழங்கால் அளவுதான். அத்தை எழுந்து நிற்கிறாள், தலையில் பாசி. நிற்கலாம் என்று முன்பே ஏன் சொல்லவில்லை என்று வாத்துகளைத் திட்டுகிறாள்.

குமுதா சத்தமாகச் சிரித்துவிட்டாள். அடுத்த மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தபோது அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மறுபடி கூப்பிட்டதும் ரமணியக்கா கைப்பேசியைப் பிள்ளையிடம் கொடுத்தாள்.

"மிர்த்தி, அந்த அத்தைக்கு ஒண்ணும் ஆவலடா."

"சும்மா சொல்ற."

"படிச்சிட்டுத்தான் சொல்றேன். சாமி சத்தியமா."

"அப்ப ஏன் எடுத்துட்டுப் போன? நான் அடுத்த பக்கம் திருப்பப் போனேன். நீ வந்து எடுத்துட்ட. நீதான் முழுசாப் படிச்சிட்டு ஸ்டிக்கர் ஒட்டுறியே. அதான், அடுத்த பக்கத்துல அவங்க செத்துட்டாங்க, உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

இந்தப் பிள்ளை நேற்றுச் சாயங்காலத்திலிருந்து அந்தத் தொப்பியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதை அங்கே உட்காரவைத்தது கதை எழுதியவர் இல்லை.

"நான் முழுசாப் படிக்கிறதில்லம்மா" என்றாள். "முன்னால கொஞ்சம், நடுவுல கொஞ்சம், கடைசில கொஞ்சம். மூடி பாக்குற மாதிரி."

"எல்லாப் புத்தகமுமா?"

"எல்லாந்தான்."

"அப்ப மிச்சத்துல என்ன இருக்குன்னு உனக்கும் தெரியாது."

"தெரியாது."

பிள்ளை கோபப்படும், அழும் என்று காத்திருந்தாள். பொறுக்கமுடியாமல், அத்தை எப்படிப் பிழைத்தாள் தெரியுமா, அந்தக் குளத்தில் என்று தொடங்கினாள்.

"சொல்லாத. கொண்டு வா, நானே படிக்கிறேன்." மிர்த்தியின் குரல் இப்போதுதான் அவள் குரலாக இருந்தது. பிறகு யோசித்துச் சொன்னாள். "ஃபெரியிலயே வாம்மா. பாலம் சுத்தி வந்தா லேட்டாயிரும்."

திரும்பும்போது ஃபெரியில் குமுதா மிச்சத்தைப் படிக்கப் பார்த்தாள். சில பக்கங்கள்தான் ஓடின. அக்கரை வந்துவிட்டது. இன்னும் எவ்வளவோ இருந்தது. அந்த மிச்சப் பக்கங்களில் யார் இருமி இருமிப் படுக்கப் போகிறார்கள், யார் கப்பலேறப் போகிறார்கள், எந்த வார்த்தை ஒளிந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. படியேறும்போதுகூட அதே நினைப்பு. ஒரு புத்தகத்துக்கே இப்படி என்றால் இந்தப் பிள்ளை இன்னும் எத்தனை படிக்கும்.

மிர்த்தி ரமணியக்கா வீட்டில் சோறு சாப்பிட்டுவிட்டு வாசலில் நின்றிருந்தாள். பையின் ஜிப்பை அவளே திறந்தாள். இருவரும் கூடத்தில் தரையில் உட்கார்ந்தார்கள். நீயும் பாரு என்று மகள் புத்தகத்தின் பாதியை அம்மாவின் மடிக்குத் தள்ளினாள். அத்தை எழுந்து நின்ற இடத்தில் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, வாத்து பேசிய ஆங்கிலச் சொல்லை அம்மா எப்படி உச்சரிக்கிறாள் என்று கேட்டு அதற்கும் சிரித்தாள். வேலை முடிந்து வந்த தனேஷ், செருப்பைக் கழற்றிக்கொண்டே, சாப்பாடு உண்டா, இல்லை இன்றைக்கு வாத்து ஹோட்டல்தானா என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போனான்.

மிர்த்தி வேகமாகப் படித்தாள். குமுதா ஒரு பத்தி பின்னால் வந்தாள், சில நேரம் இரண்டு. பக்கத்தைத் திருப்பும் முன் மிர்த்தி நின்று, "முடிஞ்சிச்சா?" என்று கேட்பாள். இல்லாவிட்டால் காத்திருப்பாள். காத்திருக்கும்போது அவள் முகத்தைத்தான் குமுதா பார்த்தாள். இனி வரப்போவது நல்லதா கெட்டதா என்று அந்த முகத்தில் தேடினாள். ஒன்றும் பிடிபடவில்லை.

திடீரென்று மிர்த்தி மூச்சை உள்ளே இழுத்தாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. குமுதா இன்னும் மேலே, மூன்றாவது வரியில்தான் இருந்தாள். அது சிரிப்பா, வேறு எதுவுமா என்று தெரியவில்லை. கைப்பேசியை எடுக்க நேரமில்லை. எழுத்துக்கு அடியில் விரலை வைத்து, உதடசைய, தெரியாத சொல்லையெல்லாம் தாண்டித் தாண்டி, மகள் இருந்த இடத்தை நோக்கி வேகமாகப் படிக்க ஆரம்பித்தாள்.