கிணற்று மேட்டில் வைத்த போன்

உங்கள் ஊரில் எத்தனை பேர் என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். ஓட்டுப் போடும் நாளில் ஒரு கூட்டம், மாரியம்மன் பண்டிகைக்கு ஒரு கூட்டம், மற்ற நாளெல்லாம் பூட்டுத் தொங்கும் வீடுகள். இண்டூரிலிருந்து உள்ளே வரும் டவுன் பஸ் எங்கள் ஊரோடு திரும்பிவிடும். அதில் ஏறிப் போன பிள்ளைகள் பெங்களூரிலும் ஓசூரிலும் திருப்பூரிலும் இருக்கிறார்கள். ஊர்ப் பெயரில் ஒரு வாட்சப் குரூப் வைத்திருக்கிறார்கள். பண்டிகை வரி பேசுவதற்காக ஆரம்பித்தது, வீட்டுக்கு ஒரு நம்பர். விடிந்தால் அதில் குட் மார்னிங் கொட்டும். தெருவில் நின்று கூப்பிட்டால் ஏனென்று கேட்க ஆள் இருக்காது.

போன வருஷம் கோடை முடியும் சமயம், எங்கள் நிறைசினை மாடு கிணற்றில் விழுந்துவிட்டது. ஓரத்தில் இருந்த பச்சைப் புல்லுக்கு ஆசைப்பட்டு முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறது. நாங்கள் தக்காளிக் காட்டில் இருந்தோம். சத்தம் கேட்டு ஓடிப் போய்ப் பார்த்தால், கீழே தலையை மட்டும் தூக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி நீந்துகிறது. நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் போனை என் கையில் திணித்துவிட்டுப் படிக்கல்லில் இறங்கிவிட்டார். ஐம்பத்தைந்து வயது. சொன்னால் கேட்கிற ஜென்மம் கிடையாது.

வீட்டில் இருந்த நல்ல கயிறு ஒன்றே ஒன்று. அதன் ஒரு முனையைப் புங்க மரத்தில் கட்டி மறுமுனையை வீசினேன். மாட்டின் முன்னங்காலுக்குப் பின்னால் சுற்றி முடிச்சுப் போட்டார். மாடு முழுகாமல் நின்றது. அவர் மேலே ஏறத் திரும்பும்போது அது மிரண்டு உதறி, அவரைக் கல் சுவரோடு சேர்த்து இடித்தது.

"கால் போச்சு புள்ள" என்றார். மோட்டார் பைப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் தொங்கினார். ஒரு கால் ஊன்ற வரவில்லை. படிக்கல் எதிர்ப் பக்கம் இருந்தது, நடுவில் மாடு.

எனக்கு நீச்சல் தெரியாது. குரூப்பில் பேசி அனுப்பினேன். "கெணத்துல மாடு உழுந்துடுச்சு. எங்கூட்டுக்காரரும் உள்ள மாட்டிக்கிட்டாரு. யாராச்சும் ஓடியாங்கப்பா!"

மளமளவென்று பதில் வந்தது. ஐயோ என்றார்கள். கும்பிடும் கைகளாக வந்து விழுந்தன. பக்கத்தில் இருப்பவர்கள் உடனே போங்கள் என்றான் ஒருவன். ஃபயர் சர்வீசுக்குச் சொல்லுங்கள் என்றான் இன்னொருவன். சொல்லியாச்சு என்று ஒரு பதில் வந்தது. அதைப் படித்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. குனிந்து "வண்டி வருதுங்க, கெட்டியா புடிச்சுக்குங்க" என்று கத்தினேன்.

வண்டிச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். வந்ததெல்லாம் போன்தான். எப்படிக்கா விழுந்தது, எந்த மாடு, செவலையா என்று விசாரணை. ஒருவன் போட்டோ கேட்டான். அவன் மட்டும் அப்போது எதிரில் இருந்திருந்தால் அவனையும் உள்ளே தள்ளியிருப்பேன். கீழே அவர் பைப்பைப் பிடித்த கையை மாற்றி மாற்றிப் பிடித்தார்.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. பக்கத்தில் இருப்பவர்கள் போங்கள் என்று பெங்களூரில் இருப்பவன் ஓசூரில் இருப்பவனுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறான். பக்கத்தில் இருக்கிற ஒருத்திகூட அந்த குரூப்பில் கிடையாது. வீட்டுக்கு ஒரு நம்பர் என்றால் ஆம்பளை நம்பர்தானே. நான் அதில் பேசியதே அவர் போன் என் கையில் இருந்ததால்தான். ஊரில் மிஞ்சிய பெண்கள் அத்தனை பேரும் எங்கள் காட்டைத் தாண்டி ஏரிக்கரையில் நூறு நாள் வேலையில் இருந்தார்கள்.

ஓட வேண்டும். ஆனால் அவரைத் தனியாக எப்படி விட்டுவிட்டுப் போவது? அந்த நேரம் பெங்களூரிலிருந்து என் மகன் வீடியோவில் வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"சாமி, அப்பாகிட்ட பேசிக்கிட்டே இரு. நிறுத்தாத. நான் ஆளுங்களக் கூட்டியாரேன்" என்று ஸ்பீக்கரைப் போட்டு, கிணற்று மேட்டுக் கல்லில் போனை மல்லாக்க வைத்துவிட்டு ஓடினேன்.

செருப்பு எங்கே கழன்றது என்று தெரியாது. ஏரிக்கரையில் ஏறியதும் கத்தினேன். அந்தப் பெண்கள் ஒரு கேள்வி கேட்கவில்லை. மண்வெட்டியைப் போட்டுவிட்டு, நிழலுக்குக் கட்டியிருந்த தார்ப்பாயின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு கிளம்பினார்கள். கர்நாடகத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பக்கத்து வீட்டு மருமகள் என்னோடு ஓடி வந்தபடியே கேட்டாள். "ஃபயர் சர்வீசுக்கு யாருக்கா சொன்னது?"

"குரூப்புல சொல்லியாச்சுன்னாங்க."

"அதான், யாரு?"

எனக்குத் தெரியவில்லை. அவளே தன் போனில் கூப்பிட்டாள். அதுவரை அங்கே யாரும் சொல்லவே இல்லையாம்.

கிணற்றை நெருங்கும்போது என் மகன் குரல் கேட்டது. "அப்பா! அப்பா, பேசுங்கப்பா! அப்பா!" கல்லின் மேல் கிடந்த போன் அலறிக்கொண்டிருந்தது. கிணற்றுக்குள்ளிருந்து பதில் இல்லை. என் கால் அங்கேயே நின்றுவிட்டது. எட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அதைச் சொல்ல வெட்கமில்லை.

மருமகள்தான் பார்த்தாள். "இருக்காருக்கா" என்றவள் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினாள். அவர் வாயை இறுக மூடி, தாடை தண்ணீரில் படக் கிடந்தார். வாயைத் திறந்தால் தண்ணீர் உள்ளே போய்விடும் என்று பேசாமல் இருந்திருக்கிறார். அவள் மாட்டைச் சுற்றி நீந்திப் போய் அவர் அக்குளில் கயிற்றைக் கொடுத்துக் கட்டினாள். "எளீரி! எளீரி!" என்றாள். அவசரத்தில் கன்னடம் வந்துவிட்டது, எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. இழுத்தோம். உள்ளங்கைத் தோல் உரிந்தது. அவர் மேட்டில் வந்து விழுந்து இருமியபோது அவர் முதுகிலேயே இரண்டு அடி வைத்தேன்.

அப்புறம் தருமபுரியிலிருந்து வண்டி வந்தது. பெல்ட் போட்டு மாட்டையும் தூக்கினார்கள். வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு நின்றது. வயிற்றில் இருந்த கன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

போனை நான் அப்போதுதான் எடுத்தேன். இவ்வளவு நேரமும் அவனுக்கு வெறும் வானம்தான் தெரிந்திருக்கிறது.

"அப்பா இருக்காராம்மா?"

"இருக்காரு சாமி."

அவன் அழுது முடித்தான். பிறகு கேட்டான். "நான் கெளம்பி வரட்டுமா?"

"எதுக்கு? லீவு போட்டா சம்பளம் புடிப்பாங்க. அதான் எல்லாம் முடிஞ்சுபோச்சே, வேணாம்."

"சரிம்மா" என்றான்.

உடனே சொன்னான். அது எனக்குச் சுருக்கென்றது.

ஆஸ்பத்திரியில் எலும்பு முறியவில்லை என்று காலுக்குக் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். குரூப்பில் ஊர் ஒற்றுமைக்கு வாழ்த்து ஓடிக்கொண்டிருந்தது. இறங்கியவளும் இழுத்தவர்களும் அதைப் பார்க்க வழியில்லை. நான் போனை அணைத்துவிட்டு, இரண்டு பேர் இருக்கிற வீட்டில் மூன்று பேருக்கு அரிசி களைந்தேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற சாக்கில் வாசலுக்கு வந்து நின்றேன். சாயங்கால பஸ் வந்தது, கொஞ்ச நேரம் நின்றது, திரும்பிப் போனது.

உள்ளே கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன்.

"யாராச்சும் எறங்குனாங்களா?" என்று கேட்டார்.